வெள்ளி வைக்காத பல்

என் தங்கை வலது பக்கம் மட்டுமே மெல்லுவாள். கல்யாணப் பந்தியில் எல்லோரும் இலையை மூடிவிட்டு எழுந்த பிறகும் அவள் மட்டும் அப்பளத்தை மோரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அம்மா சாப்பிட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த முகூர்த்தம் வந்துரும்" என்று அவள் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். என்னால் சிரிக்க முடிவதில்லை. அவளுடைய கீழ்வரிசையில், இடது கடைவாயில், ஒரு பல் இல்லை. இருந்திருக்க வேண்டிய பல் அது. அது போனதற்குக் காரணம் நான்.

அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் போய் வெகுகாலமாகிறது. தங்கையிடம் ஒருமுறை பேச்செடுத்தேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லண்ணே" என்றாள், முறுக்கை வலது பக்கம் தள்ளிக்கொண்டே. அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் எனக்கு எப்போதுமே வந்ததில்லை. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அவர் வேலையை ஒரு வரியில் சொல்வதானால், பல் கட்டுவது. பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு அதன்மேல் கிடக்கும் மண்ணையும் பாறையையும் முதலில் வெட்டித் தள்ள வேண்டும். அதற்கு ஒரு பெரிய எந்திரம் இருந்தது. வீட்டைவிட உயரமான சக்கரம். சக்கரத்தைச் சுற்றிலும் அண்டா அண்டாவாக இரும்பு பக்கெட்டுகள். ஒவ்வொரு பக்கெட்டின் விளிம்பிலும் பற்கள். எங்கள் ஊர் மணற்பாறை அந்த இரும்புப் பற்களைப் பென்சில் முனைபோலத் தேய்த்துவிடும். தேய்ந்தவை அப்பாவின் கொட்டகைக்கு வரும். வெல்டிங் ராடை உருக்கி, தேய்ந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவற்றைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவார்.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே போய்ப் பார்க்க விடுவார்கள். எந்திரம் அன்று ஓடாது. பக்கெட்டின் ஒவ்வொரு பல்லிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருப்பார்கள். எனக்கு அது ஏதோ சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைக்காமல் நிற்பதுபோல இருக்கும். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுவிடுவேன். என்னைவிட இரண்டு வயது இளையவளான தங்கையோ நேரே போய் இரண்டு பற்களுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்து, "அப்பா, இது நீங்க கட்டின பல்லா?" என்று கேட்பாள். அப்பாவின் முகத்தில் அப்போது வரும் சந்தோஷத்தை வீட்டில் வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை.

எனக்கு அவர் வேலையில் தெரிந்ததெல்லாம் வேறு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அவர் கைகளில் மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள் இருந்தன. தீப்பொறி தெறித்துச் சுட்ட தழும்புகள். ஒருநாள் காலையில் இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைச் சரியாகப் பிடிக்காததால் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டது. அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி அவர் கண்கள்மேல் வைத்துத் துணியால் கட்டினாள். "கண்ணுக்குள்ள மணல அள்ளிப் போட்டாப்புல இருக்கு" என்று அவர் முனகிக்கொண்டே கிடந்தார். மறுநாள் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. அதன் பிறகு தெருவில் யாராவது இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்தால்கூட நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கம்பெனி ஆஸ்பத்திரியிலிருந்து பல் டாக்டரம்மா எங்கள் பள்ளிக்கு வந்தார். வரிசையாக நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். என் முறை வந்தபோது அந்தக் கண்ணாடி பல்லில் தட்டிய சத்தம் மண்டைக்குள் கேட்டது. அதோடு எனக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டரம்மா ஏதோ சொன்னார்; என்னவென்று எனக்குத் தெரியாது. ஓட்டை என்ற சொல் மட்டும் விழுந்தது. இரண்டு பேரையும் ஒருநாள் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார் என்பதைத் தங்கைதான் வீட்டில் வந்து சொன்னாள். தன்னிடம் சொன்னதில் அவள் ஒரு சொல்லையும் விடவில்லை.

"எனக்குக் கடைவாயில ஓட்டையாம்ப்பா. பாதிப் பல்லு நல்லா இருக்காம். வெள்ளி வச்சு அடைச்சா போதுமாம்."

"வெள்ளியா?" என்றாள் அம்மா. "எனக்கே மெட்டியத் தவிர வெள்ளி இல்ல. இவளுக்கு வாய்க்குள்ள வெள்ளியாம்லா!"

அப்பா சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அவருக்கு அது பெரிய செய்தி.

"அப்படித்தான் செய்யணும். பல்லு லேசா மழுங்கியிருந்தா சும்மா விட்டுரலாம். பாதி தேஞ்சிருந்தா ஏத்திக் கட்டணும். வேர்ல வெடிப்பு விட்டுட்டுன்னா அவ்வளவுதான், வெட்டி எறியவேண்டியதுதான். அந்த டாக்டரும் நானும் ஒரே வேலைதாம்ட்டி பாக்கோம்."

"அப்போ நீங்களே வச்சிருங்க."

"வாயத் தொற. ராடு இருக்கு. இப்பமே வெல்டிங் வச்சிருதேன்."

அவள் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். சோற்றுப்பருக்கை தெரிந்தது. மூவரும் சிரித்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் வகுப்பு முழுக்கத் தனக்கு வெள்ளிப் பல் வரப்போவதைச் சொல்லியாகிவிட்டது.

நான் அதன்பின் சரியாகத் தூங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெல்டிங் வைக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உலோகத்தைப் பல்லில் வேறு எப்படித்தான் ஒட்டவைப்பார்கள் என்பது தெரியாது. எனக்குத் தெரிந்து உலோகத்தை ஒட்டவைக்க ஒரே வழிதான் இருந்தது. அது எங்கள் வீட்டிலேயே, உருளைக்கிழங்கைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். நாக்கால் என் பல்லின் ஓட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தொடும்போதெல்லாம் அது கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒரு காலையில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். தூங்காத கண்களோடு சைக்கிளைத் தள்ளினார். தங்கை முன்கம்பியில், நான் கேரியரில். ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் ஒரு மரப்பெஞ்சு, அதற்கு எதிரே பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். குளவி புட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம். சற்று நின்று, மறுபடி தொடங்கும். நடுவில் ஒரு பெரிய மனிதரின் குரல், "ம்ம்" என்று வரும். பெரியவர்களே முனகுகிற இடம் அது. கிராம்பெண்ணெய் வாசனையும் வேறு ஏதோ கருகிய வாசனையும் சேர்ந்து வந்தன. பல்லைக் குடையும்போது அந்த வாசனை வரும் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அந்த வாசனைக்கு ஒரே அர்த்தம்தான்.

நான் பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் தங்கை காலை ஆட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த பற்களின் படத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். "முதல்ல நான் போறேன்" என்று அவள் ஏற்கெனவே அப்பாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். அவள் போய்ச் சிரித்துக்கொண்டு வருவாள். அதன் பிறகு நான் எப்படி மறுக்க முடியும்? அவள் அழுதால் மட்டுமே எனக்கு வழி உண்டு.

இதை நான் யோசித்தேனா என்றால், யோசித்தேன். பத்து வயதில் அவ்வளவு தெளிவாக ஒன்றை யோசிக்க முடியும் என்பதை நான் பிற்பாடு என் பிள்ளைகளை வளர்க்கும்போது மறக்காமல் இருந்தேன்.

"உள்ள என்ன பண்றாங்க தெரியுமா?" என்று அவள் காதில் சொன்னேன். "வெல்டிங்."

"போண்ணே. அப்பா வெளையாட்டுக்குச் சொன்னாங்க."

"மோந்து பாரு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கால் ஆட்டுவது நின்றது.

"நாக்குல பொறி விழும். கண்ணை இறுக்க மூடிக்கணும். இல்லன்னா அப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிடும்."

"வலிக்காதுன்னு அப்பா சொன்னாங்களே."

"அப்பா கையைப் பாரு."

அப்பா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அரைக்கைச் சட்டை. கைகளை மார்பின்மேல் கட்டியிருந்தார். ஜன்னல் வெளிச்சம் நேரே அவற்றின்மேல் விழுந்தது. தினமும் அவளைத் தூக்கிய கைகள். அந்தப் புள்ளிகளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். விரல் வைத்து எண்ணி விளையாடியும் இருக்கிறாள். அன்று அவள் அவற்றைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆயா வந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். தங்கை எழுந்து, திரையைப் பார்த்து ஓரடி வைத்தாள். அப்புறம் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், அப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். அதற்குள் அவள் வராந்தாவுக்கு ஓடித் தூணைக் கட்டிக்கொண்டாள். பக்கத்துக் கிராமமான வடக்குத்தைச் சேர்ந்த அந்த ஆயா அவள் பிடியை விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, இப்பிடிக் கத்திகினு கீற? பல்லுதான? தலையவா எடுத்துடப் போறாங்க?"

அது சமாதானமாகத்தான் சொன்னது. தங்கை இன்னும் உரக்கக் கத்தினாள். அப்பா குனிந்து அவளைத் தூக்கப் போனபோது அவள் அவருடைய கையைப் பார்த்து விலகினாள். நான் அதைக் கவனித்தேன். அப்பா கவனித்தாரா என்பது தெரியவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். "கட்டாயப்படுத்த வேண்டாங்க. பயம் தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. ஆனா தள்ளிப்போடாதீங்க. இப்ப அடைச்சா அந்தப் பல் தப்பிச்சுரும்" என்றார். அப்பா அவமானத்தோடு கைகூப்பினார். "இவதான் டாக்டர் எங்க வீட்டுல தைரியசாலி. என்னாச்சுன்னே தெரியல." என் முறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. திரும்பும் வழியில் பேக்கரியில் இரண்டு பேருக்கும் பன் வாங்கிக்கொடுத்தார். நான் என்னுடையதைத் தின்றேன். அவள் பாதியைக் கையிலேயே வைத்திருந்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.

அதன்பிறகு அவளுக்குப் பல் வலிக்கவே இல்லை. அப்படித்தான் அவள் சொன்னாள். "வலிக்குதாட்டி?" என்று அம்மா கேட்பதற்குள் "இல்லம்மா" என்று பதில் வந்துவிடும். சோற்றை வலப்பக்கம் தள்ளி மெல்ல அப்போதுதான் பழகிக்கொண்டாள். ஐஸ் விற்பவர் மணியடித்துக்கொண்டு தெருவில் வந்தால் தனக்குப் பிடிக்கவில்லை என்பாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு மட்டும் அவள் தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு தூங்குவது தெரியும். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவளுக்கு வலிக்கிறது என்று சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் நானும்.

அப்பா இரண்டொரு தரம் அவளைக் கிளப்பப் பார்த்தார். அவள் அழுவாள், அவருக்கும் ஷிப்ட் மாறும். இதற்கிடையில் ஒருநாள் எனக்குக் கடலைமிட்டாயோடு பல் கையில் வந்துவிட்டது. ஓட்டைப் பல்லேதான். வலியில்லை. அந்த இடத்தில் புதுப்பல் அரிசிமுனைபோலத் தெரிந்தது. அம்மாவுக்கு மூச்சு வந்தது. "பால் பல்லுல்லா! இதுக்குப் போயா இந்தப் பாடு? இவனுக்கே இப்பத்தான் விழுதுன்னா, அவ இவனைவிடச் சின்னவ. அவளுக்கும் தன்னால விழுந்து முளைச்சுரும்" என்றாள். அப்பாவும் ஒப்புக்கொண்டார். எந்திரப் பற்களைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர், அவை விழுந்தால் முளைக்காது என்பதால், முளைக்கிற பற்களைப் பற்றி அம்மா சொன்னதை நம்பினார். நான் தங்கையிடம் என் பல்லைக் காட்டி, "உனக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரியே வேண்டாம்" என்றேன். அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு காலையில் அவள் பள்ளிக்கு எழவில்லை. அம்மா போர்வையை விலக்கினாள். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. வாயை விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை. எனக்கு அவள் செத்துப்போய்விடுவாள் என்று தோன்றியது. அவள் சாவதைவிட, சாவதற்கு முன் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். அதே பெஞ்சு, அதே பச்சைத் திரை. இந்தமுறை அவள் ஓடவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா கேட்டார்:

"அன்னைக்குச் சொன்ன மாதிரி வெள்ளி வச்சுக் கட்ட முடியாதுங்களா?"

"அன்னைக்கு முடிஞ்சிருக்கும். பாதிக்குமேல பல் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வேர்ல சீழ் பிடிச்சிருக்கு. வீக்கத்துக்கு ஊசி போடறேன். வடிஞ்சதும் எடுத்துரணும்."

"எடுத்தா முளைச்சுரும்லாம்மா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இது பால் பல் இல்ல. ஆறு வயசுல புதுசா முளைக்கற கடைவாய்ப் பல். இது போனா போனதுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "இவனுதுதான் பால் பல். தானா விழுந்துரும், ஒண்ணும் செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டுப் போனா போதும்னு ஸ்கூல்லயே இவன்கிட்ட சொன்னேனே" என்றார்.

எனக்கு அன்று அந்தத் திரைக்குப் பின்னால் எதுவும் நடந்திருக்காது. நாற்காலியில் ஏறி, வாயைத் திறந்துகாட்டி, இறங்கியிருப்பேன்.

டாக்டரம்மா தங்கையின் தலையைத் தடவினார். "ஏம்மா அன்னைக்கு அப்படி ஓடின?"

அவளால் சரியாகப் பேச முடியவில்லை. "வெல்டிங் வச்சிருவீங்கன்னு. அப்பா கையில இருக்கிற மாதிரி வாயெல்லாம் ஆயிடும்னு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயா, "அடி ஆத்தே, இத்த யாரு சொன்னது?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல, நான் சொல்வேன் என்று காத்திருப்பதுபோல. நான் சுவரில் இருந்த பற்களின் படத்தைப் பார்த்தேன்.

"நாந்தாங்க சொன்னேன்" என்றது அப்பாவின் குரல். "சாப்பிடும்போது வெளையாட்டுக்குச் சொன்னேன். பிள்ளை நெசம்னு நம்பிட்டு."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த நாற்காலியில் வாயைத் திறக்க எவ்வளவு பயந்தேனோ அதைவிட அதிகமாக அப்போது பயந்தேன். திறக்கவில்லை.

வீக்கம் வடிந்ததும் பல்லை எடுத்தார்கள். தங்கை தானாக நாற்காலியில் ஏறினாள் என்று ஆயா வெளியே வந்து சொன்னார். "சத்தமே போடல, ராசாத்தி. வூட்டுக்குப் போயி ஐஸ் வாங்கிக் குடு சார்." அப்பா தலையாட்டினார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அன்று, அந்தப் புழுக்கத்தில், பழைய தீபாவளிச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தார். தங்கை பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, இரண்டு கைகளாலும் வாரித் தூக்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் சாப்பிடும்போது ஒர்க்‌ஷாப் கதை எதையும் சொன்னதில்லை. வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான். அம்மா திட்டிப் பார்த்தாள். வேர்வையில் முதுகு நனைந்து ஒட்டும், கழற்றமாட்டார். அந்த வருஷ ஆயுத பூஜைக்கும் அப்படியே வந்தார். தங்கை வரவில்லை. பனியனும் அரைக்கைச் சட்டையுமாக நின்ற கூட்டாளிகளுக்கு நடுவில் அவர் ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, ஆபீசர் ஆயிட்டியா? எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்று ஒருவர் அவர் தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்து, தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் டவுன்ஷிப்பில் ஆபீசர்கள்தான் முழுக்கைச் சட்டை போடுவார்கள். அப்பா ஏன் கையை மூடிக்கொண்டே திரிகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொரியும் கடலையும் கை நிறைய வாங்கிக்கொண்டு, சந்தனம் பூசிய பற்களைக்கூடப் பயமில்லாமல் ஏறிட்டுப் பார்த்தேன். பள்ளி திறந்ததும் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கப்பா ஆபீசர் ஆகிவிட்டார் என்று.